ஊருக்கு ஒரு கம்பம் வேண்டும்: கரையோர ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, நம் கரையில் இருக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் ஜமாத்தார்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் மகளிர் குழுக்களுக்கும் வணக்கம்.

நான் மண்டபம் பக்கத்தில் டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலருடைய மொட்டைமாடியிலும் ஓட்டுக் கூரையிலும் ஏறி இறங்கியவன். அமெச்சூர் ரேடியோ உரிமமும், அதாவது வியாபாரத்துக்கு இல்லாமல் ஆர்வத்தில் ஒயர்லெஸ்ஸில் பேச அரசு தரும் அனுமதியும் வைத்திருக்கிறேன். எங்களை ஹாம் என்று சொல்வார்கள். உங்கள் ஒவ்வோர் ஊரிலும் வலை காயப்போடும் களம் அளவுக்கு ஓர் இடம் வேண்டும். வருடத்தில் இரண்டு காலைப்பொழுதுக்குப் பத்துப் பேரின் கைகள் வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். புயலில் செல்போன் செத்தாலும் ஊருக்கு ஊர் ரேடியோவில் பேச, அந்த இடத்தின் நடுவில் ஆன்டெனா ஏந்தி நாற்பதடி உயரத்துக்கு ஒரு கம்பம் நிற்கும். சுற்றிலும் நான்கு நங்கூரங்கள் மணலுக்குள் புதைந்திருக்கும். அதற்குக் கீழே நீங்கள் வழக்கம்போல வலை காயப்போடலாம்.

ஆன்டெனா இந்தக் கரைக்குப் புதிது இல்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு நம் ஊர்களில் என்ன நடந்தது என்று ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து ஒரு புள்ளிகூட வராத டிவியில் கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் தெரிந்தது. வீட்டுக்கு வீடு ஜிஐ பைப், அதன் உச்சியில் மீன் முள் மாதிரி அலுமினியக் கம்பிகள், எல்லாம் தென்கிழக்கைப் பார்த்தபடி. ஒருவர் மேலே நின்று பைப்பைத் திருப்புவார். இன்னொருவர் ஜன்னலில் நின்று "இல்ல, இல்ல, இன்னும் கொஞ்சம், ஆங், அங்கேயே வை" என்று கத்துவார். கச்சான் காற்று ஓங்கி அடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும், மறுபடி ஏறவேண்டும். மேலே நின்று பைப்பைப் பிடித்த பையன்களில் நானும் ஒருவன். என் தொழில் தொடங்கியதே அங்கேதான்.

சரி, இப்போது எதற்குக் கம்பம்? எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். செல்போன் கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல். சாலையில் மரம் விழுந்து டீசல் வண்டி வர முடியாமல் போனால், கோபுரம் நின்றபடியே செத்துப்போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா முழுக்க அதுதான் நடந்தது. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், "உயிரோடு இருக்கிறோம்" என்ற ஒரு வார்த்தை வந்துசேர எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று சொல்வார்கள்.

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து போன ரயில் போனது, பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்கள் கடலுக்குள் போயின. தீவுக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பு அந்த இரவில் அறுந்தது. பாலத்தை 46 நாளில் மறுபடி நிறுத்தியதை நாடே பேசியது. மறுநாள் விடிந்தபோது தீவிலிருந்து ஒரு குரல் வெளியே போக வழி இல்லாமல் இருந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதோடு நாற்பது வருடம் கழித்து நடந்த ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2004 டிசம்பர் தொடக்கத்தில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானுக்குப் போயிருந்தார். அங்கிருந்து அமெச்சூர் ரேடியோவில் பேச அரசின் அனுமதி கிடைப்பது அரிது என்பதால், உலகம் முழுக்க இருக்கும் ஹாம்கள் அவர் குரலுக்காகக் காத்திருந்தார்கள். போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் கருவியை வைத்து, ஆன்டெனா கட்டி, மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி காலையில் சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் செத்தபோது, தீவில் இருந்தவர்களின் செய்தியைப் பெருநிலத்துக்குக் கொண்டுபோனது அந்த ஆன்டெனாதான். அலை வந்த பிறகு கட்டிய ஆன்டெனா இல்லை அது. மூன்று வாரமாக நின்று, பேசி, பழகி, எந்த நேரம் எந்த அலைவரிசை எடுக்கும் என்று தெரிந்திருந்த ஆன்டெனா. நான் கேட்பதெல்லாம் அதைத்தான். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு என்னைத் தேடி ஆள் அனுப்பினால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இனி தொழில் விஷயம். நம் ராமநாதபுரம் மாவட்டம் தட்டை. கந்தமாதன பர்வதம் ஏறி நின்றாலே தீவு முழுக்கத் தெரிகிறது என்றால், நம்மிடம் மலை என்று ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஹாம்கள் பக்கத்து ஊர்களோடு பேசப் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். கைக்கருவியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கடற்கரையில் நின்றால், பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கேட்பது கஷ்டம். அதே ஆன்டெனாவை இரண்டு பக்கமும் 12 மீட்டர் உயரத்தில் வைத்தால் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் போகும். நம் மாவட்டத்தின் கரை 237 கிலோமீட்டர் என்கிறார்கள். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், புதுமடம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இடைவெளி பார்த்துப் பத்துப் பன்னிரண்டு கம்பம் நின்றால், ஓர் ஊரின் செய்தி அடுத்த ஊருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று கைமாறிப் போகும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டரில் தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறதே, அதைப் போல எதுவும் நமக்குத் தேவையில்லை. இரண்டு இருபதடி ஜிஐ பைப்பும், உச்சியில் அரை மீட்டர் கம்பி ஒன்றும், அதற்குக் கீழே குடைக் கம்பி மாதிரி விரிந்த நான்கு கம்பிகளும் போதும்.

மதுரைக்கும் சென்னைக்கும் பேச அந்தக் கம்பம்கூட வேண்டாம். இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இருபது மீட்டர் நீளமான ஒயர் போதும். நடுவில் கேபிள் சேரும், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். அதை இரண்டு பனைமரங்களுக்கு நடுவே வெறும் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டினால், அலை நேரே மேலே போய், வானத்தில் மிக உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி இறங்கும். உயரமாகக் கட்டினால் அது சிங்கப்பூருக்குப் போகும், மதுரையைத் தாண்டிவிடும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களுக்கு எடுக்காது. அப்போது 3.5-க்கு இறங்கவேண்டும், அதற்கு நாற்பது மீட்டர் ஒயர். புயல் பெரும்பாலும் இருட்டில்தான் நம்மைச் சோதிக்கிறது என்பதால் இரண்டு ஒயரும் தயாராக இருக்கவேண்டும். கருவி 12 வோல்ட்டில் ஓடும், உங்கள் படகு பேட்டரியே போதும்.

பனையில் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஆணி அடிக்கக் கூடாது. ஒரு மரத்தில் ஒயரை நேராகக் கட்டி, அடுத்த மரத்தில் கப்பி மாட்டி, அதன் வழியே கயிற்றை இறக்கி, நுனியில் மணல் நிரப்பிய கேன் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். வாடைக் காற்றில் இரண்டு பனையும் ஆளுக்கொரு பக்கம் ஆடும். ஒயரை இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் அறுந்துபோகும். கேன் இருந்தால் அது ஏறி இறங்கும், ஒயருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். இந்த மடல் எழுதக் காரணமே அதுதான்.

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுக்குறைந்து, நம் கரையை ஒட்டி நகராமல் நின்றது. பெரிய காற்று இல்லை, மழைதான். அப்போது என் வீட்டுப் பின்புறம் நாற்பதடிக் கம்பம் நின்றது. சாயாமல் இழுத்துப் பிடிக்க நான்கு பக்கமும் ஸ்டே கம்பி. அதற்கு முந்தைய கோடையில்தான் ஏறி வெள்ளி பெயின்ட் அடித்திருந்தேன். பார்க்கப் புதிதுபோல இருந்தது. இரண்டாம் நாள் காலையில் ஒரு ஸ்டே விட்டது. கம்பம் சாய்ந்து, இடுப்பில் மடங்கி, பக்கத்து வீட்டு அடுப்படியின் ஓட்டுக் கூரைமேல் விழுந்தது. ஐந்து நிமிடம் முன்புவரை அந்தக் கூரைக்குக் கீழே அந்த வீட்டு அக்கா உலை வைத்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை அழுததால் எழுந்து உள்ளே போயிருந்தார். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

மழை விட்டதும் அறுந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஸ்டேயைப் பிடித்திருந்த நங்கூரக் கம்பி தரைக்கு மேலே விரல் கனத்தில், பெயின்ட் மாறாமல் இருந்தது. மணலுக்குள் இரண்டு விரற்கடை இறங்கிய இடத்தில் ஈர்க்குச்சி அளவுக்குத் தேய்ந்திருந்தது. தொட்டதும் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. உப்பு ஈரமும் காற்றும் சேரும் இடம் அதுதான், மணலின் மேல் மட்டம். அதற்கும் கீழே, ஓர் அடி ஆழத்தில், கம்பி மறுபடி கனமாகவே இருந்தது. நான் பெயின்ட் அடித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில். தின்றதெல்லாம் தெரியாத இடத்தில்.

கூரையை மாற்றிக் கொடுத்தேன். அக்கா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "புயல் வருதுன்னா படகை ஏத்துறாங்க, வலையை அள்ளுறாங்க. நீ மட்டும் ஏன் தம்பி இதை நிக்கவிட்டே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் கம்பம் கட்டுவதைத்தான் படித்திருந்தேன். எவ்வளவு உயரம், எத்தனை ஸ்டே, என்ன ஆன்டெனா என்பதுதான் மனதில் இருந்தது. இறக்குவதைப் பற்றி நினைத்ததே இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பலகையை ஏறத்தாழ 38 கிலோ கனத்தில் தள்ளுகிறது என்றால், 180-ல் அது 150 கிலோவைத் தாண்டும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கம்பத்தை நிற்கவிட்டேன்.

அந்த வாரமே பாம்பனிலிருந்து ஒரு பெரியவர் வேறு வேலையாகக் கடைக்கு வந்தார். நாட்டுப்படகில் பாய் விரித்துப் போன காலத்தின் ஆள். மடங்கிக் கிடந்த பைப்பைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, மண்ணில் குச்சியால் கோடு போட்டார். "பாய்மரத்தைச் சாய்க்கிற மாதிரிதானே" என்றார். அடியில் ஒரு கீல். கீல் எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதே கோட்டில், அதே மட்டத்தில் இரண்டு பக்க நங்கூரங்கள். இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால், கம்பம் சாயும்போதும் எழும்போதும் இரண்டு பக்க ஸ்டேயும் தளராமலும் இறுகாமலும் கூடவே வரும். நான்கு விரற்கடை விலகினாலும் ஒரு பக்கம் தொங்கி மறுபக்கம் இழுக்கும். முன் ஸ்டேயை, கம்பத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு துணைக்கம்பின் நுனி வழியாகக் கப்பிக்குக் கொண்டுபோக வேண்டும். துணைக்கம்பு இல்லாமல் இழுத்தால், கம்பம் தரையோடு படுத்திருக்கும் நேரத்தில் கயிறும் தரையோடு கிடக்கும். எத்தனை பேர் இழுத்தாலும் தூக்காது, மடக்கும்.

அப்புறம் அவர் என் பழைய நைலான் கயிறு ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். இரண்டு இடத்தில் நிறுத்தினார். வெயிலில் நார் பொடியாகிப்போன இடங்கள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "பாத்தா தெரியாது, தடவித்தான் பாக்கணும்" என்றார்.

இப்போது என் வீட்டில் நிற்பது அவர் சொன்ன மாதிரிக் கம்பம். ஆறு பேர் இருந்தால் இருபது நிமிடத்தில் படுக்கும், அரை மணியில் எழும். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறினாலே படுக்கவைத்துவிடுகிறேன். புயல் கடக்கும்வரை பனைக்கு நடுவே தாழ்வாக ஓடும் ஒயரில் பேசலாம். அது அறுந்தால் பத்து நிமிடத்தில் வேறு ஒயர் இழுக்கலாம். காற்று ஓய்ந்ததும் கம்பம் எழும். மணல் என்பதால் நங்கூரத்துக்கு முளைக்குச்சி அடிப்பதில்லை, இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நாலடி ஆழத்தில் சிமென்ட் கட்டை ஒன்றைக் குறுக்கே புதைத்து, அதிலிருந்து கம்பியை மேலே கொண்டுவருகிறேன். மணல் மட்டத்தைத் தொடும் இடத்தில் அந்தக் கம்பிமேல் பிளாஸ்டிக் குழாய் செருகி, உள்ளே கிரீஸ் நிரப்பியிருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கிறேன். வேறு எதை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

இந்த வேலையெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை என்பதால்தான் உங்களிடம் வருகிறேன். பல வருடங்களுக்கு முன் நம் கரையில் ஓர் ஊரில், பேரிடர் காலத்துக்கு என்று வெளியிலிருந்து வந்தவர்கள் மூன்று கால் வைத்த நல்ல இரும்புக் கோபுரம் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். யார் என்பது இங்கே வேண்டாம். திறந்துவைத்த அன்று கூட்டம் இருந்தது. அடுத்த வருடம் நான் போய்ப் பார்த்தேன். கேபிள் சேரும் இடத்தில் டேப் பிரிந்து, தண்ணீர் உள்ளே போய், செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஆன்டெனாவைக் கருவியோடு சேர்க்கும் கோஆக்ஸ் கேபிளின் மேலே ஓர் ஊசித் துளை இருந்தாலும் உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் வழியாகத் தண்ணீர் திரி மாதிரி கீழே வரை இறங்கிவிடும். அலுமினியக் கம்பியும் எவர்சில்வர் போல்ட்டும் தொட்டுக்கொள்ளும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி. உப்புக் காற்றில் இரண்டு உலோகம் சேர்ந்தால் ஒன்று இன்னொன்றைத் தின்னும். ஊரில் யாருக்கும் அதன் சாவி எங்கே என்றே தெரியவில்லை. அது ஊர்க்காரர்களின் குற்றம் இல்லை. யாரும் அவர்களிடம் எதையும் ஒப்படைக்கவே இல்லை. நீங்கள் படகை மணலில் ஏற்றி, அடிப்பலகை சுரண்டி, சாயம் பூசி, கயிறு மாற்றுகிறீர்களே, அந்தப் பட்டியலில் கம்பத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் நடுவில் ஒரு காலை, ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு காலை.

உங்களுக்கு இருக்கும் பயங்களையும் நான் கேட்டிருக்கிறேன். கதிர்வீச்சு வருமா என்பது ஒன்று. பேசும் பொத்தானை அழுத்தும் நேரம் மட்டும்தான் எங்கள் ஆன்டெனாவிலிருந்து அலை வரும். ஊருக்கு ஊர் பேசும் கருவி 25 வாட், தூரத்துக்குப் பேசுவது 100 வாட். நாற்பதடிக்கு மேலே இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். தாழ்வாக ஓடும் ஒயரை மட்டும் பேசும்போது யாரும் தொடக் கூடாது, சுடும். அதனால்தான் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொல்கிறேன்.

இடி விழுமா என்பது இன்னொன்று. உயரமாக நிற்கும் எதன் மேலும் விழலாம், பனைமேல் விழுவதில்லையா? கம்பத்துக்கு எர்த் போட்டு, அதைக் கட்டிடத்தின் எர்த்தோடும் சேர்த்துக் கட்டினால் மின்னல் மண்ணுக்குள் இறங்க வழி இருக்கும். நம் ஈர உப்பு மணலில் எர்த் நன்றாக எடுக்கும், ஆனால் கம்பியையும் அதே உப்புதான் தின்னும், அதையும் தோண்டிப் பார்க்கவேண்டும். ஐப்பசியில் சாயங்கால இடி தொடங்கும்போது கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இடி இடிக்கும்போது நாங்கள் பேசமாட்டோம்.

நீங்கள் கேட்காத ஓர் ஆபத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஈபி லைன். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கரண்ட் கம்பியைத் தொடாத தூரத்தில் இடம் வேண்டும். நாற்பதடிக் கம்பத்துக்குக் குறைந்தது அறுபதடி தள்ளி. அப்படி இடம் இல்லாத ஊரில் கம்பமே வேண்டாம், ஒயர் மட்டும் போதும். நான் ஒரு கூரையில் நின்றபோது எதிர்க் கூரையில் ஒருவர் டிவி ஆன்டெனா பைப்பை நிமிர்த்தியதைப் பார்த்தவன். மேலே லைன் போவதை அவர் பார்க்கவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

போலீஸ் தொந்தரவு வருமா என்று மெதுவாகக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இலங்கையில் சண்டை நடந்த வருடங்களில் 'ஒயர்லெஸ்' என்ற சொல்லே இந்தக் கரையில் ஆளை உள்ளே தள்ளப் போதுமானதாக இருந்தது. அதை மறந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் செய்யச் சொல்கிறேன். மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு வைத்துக் கொடுக்கும் உரிமம் இது. என் கால்சைன், அதாவது எனக்கென்று அரசு கொடுத்த அடையாள எழுத்து, வி.யூ. (VU) என்று தொடங்கும். எந்த இடத்தில் நிலையம் என்பது உரிமத்திலேயே இருக்கும். ஊரில் கம்பம் நடுவதற்கு முன்னாலேயே காகித வேலையை முடிப்பேன். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதால், அந்தப் பக்கத்து ஊர்களுக்கு உயரத்தைப் பற்றி இன்னும் கவனமாகக் கேட்டு எழுதி வாங்கவேண்டும். ஒரு நகல் காவல் நிலையத்தில், ஒன்று கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில், ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஊர்ப் பொது அறைச் சுவரில். யாரோடு, எந்த நேரம், எந்த அலைவரிசையில் பேசினோம் என்று நோட்டில் எழுதி வைப்போம். கோடை இரவுகளில் கடல்மேல் காற்று ஒருமாதிரி அடுக்காக நிற்கும்போது, இலங்கை எஃப்எம் நம் வீட்டு ரேடியோவில் பக்கத்துத் தெரு மாதிரி கேட்குமே, அப்போது எங்கள் கருவியிலும் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை ஹாம்களின் குரல் வரும். பேசினால் அதையும் எழுதி வைப்போம். மறைக்க ஒன்றும் இருக்கக் கூடாது.

இந்தக் கம்பத்தால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். கடலில் இருக்கும் படகோடு பேச இது இல்லை. அதற்கு உங்களிடம் மரைன் விஹெச்எஃப் என்ற படகு ரேடியோ இருக்கிறது, ஆபத்தில் அழைக்க 16-ஆம் சேனல் இருக்கிறது. மீன் விலை பேசவும் கூடாது, வியாபாரத்துக்கு அமெச்சூர் ரேடியோவைப் பயன்படுத்துவது விதிக்கு விரோதம். பேரிடர் நேரத்தில் மற்றவர்களுடைய செய்தியைச் சுமந்துபோக விதியில் இடம் இருக்கிறது. மற்ற நாட்களில் நாங்கள் பேசிப் பார்ப்போம், சோதிப்போம், பழகுவோம்.

பொத்தானை அழுத்த உரிமம் உள்ள ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும்தான் கேள்வி. பிளஸ் டூ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளை அனுப்புங்கள் என்று மகளிர் குழுக்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பையன்கள் கடலுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். புயல் வரும் அன்று ஊரில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் பெண்கள்தான். பாடம் நடத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குச் சரிப்படும். காசு வேண்டாம்.

இன்னொன்று. தனுஷ்கோடிப் பக்கமும் நம் கண்மாய்களிலும் பூநாரையும் மற்ற பறவைகளும் வந்து இறங்கும் பருவத்தில், மெல்லிய ஸ்டே கம்பி அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. ஓரடிக்கு ஒன்றாக வெள்ளைத் துணியோ பழைய வலை மிதவையோ கட்டிவிட்டால் விலகிப் பறக்கும். இருட்டில் நடக்கும் நம் ஆட்களுக்கும் அது நல்லது.

பைப், ஸ்டே கம்பி, கேபிள், ஆன்டெனா எல்லாவற்றுக்கும் நானும் என் ஹாம் நண்பர்களும் ஏற்பாடு செய்கிறோம். முதல் வருடம் மூன்று ஊர்களுக்குத்தான் எங்களால் முடியும். எந்த மூன்று ஊர் என்பதை நீங்கள் கூடிப் பேசிச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மழையில் சாலை முதலில் துண்டிக்கப்படும் ஊர்களுக்குத்தான் முதல் உரிமை.

பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கிய பிறகு வரும் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கம்பத்தை இறக்குகிறேன். காற்று எழும்புவதற்குள், எட்டு மணிக்கு முன்னால், மறுபடி ஏற்றிவிடுவோம். ஒவ்வோர் ஊரிலிருந்தும் இரண்டு பேர் வாருங்கள், கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். நங்கூரக் குழியையும் அன்றைக்குத் தோண்டுவேன், நீங்களே தடவிப் பார்க்கலாம். கையுறையும் டீயும் என் பொறுப்பு. பெரிய கப்பி ஒன்று குறைகிறது, யாரிடமாவது இருந்தால் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
மண்டபத்து ரேடியோக்காரன்